உள்ளே போவதெல்லாம் ரத்தத்தில் சேர்வதில்லை

எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை என்றால் நீல மாத்திரை நாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக உட்கார வைத்து ஆளுக்கு ஒன்று கொடுப்போம். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கண் முன்னால் விழுங்க வேண்டும், பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். "டீச்சர், குமட்டுது", "டீச்சர், நாளைக்குப் போட்டுக்கிறேனே" என்று ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தி நெளிவாள். பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்தபடியே விழுங்க வைப்போம்.

நான் அறிவியல் ஆசிரியை. அதனால் அந்தப் பதிவேடு பெரும்பாலும் என் மேசையில்தான் இருக்கும். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்க்கும்போது "ஹெச்.பி. ஒன்பதுதான் இருக்கு", "இவளுக்கு எட்டரை" என்று நர்ஸ் ஹீமோகுளோபின் அளவைச் சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைகள் மாத்திரையை விழுங்குகிறார்கள், வீட்டில் இரும்புச்சத்து சேர்த்த ரேஷன் அரிசிச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். இருந்தும் ரத்தம் ஏன் ஏற மாட்டேன் என்கிறது? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை; மருந்து அளவை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு மாத்திரையை எதோடு விழுங்குவது, எப்போது விழுங்குவது என்பதை அம்மாக்களும் ஆசிரியர்களும் தெரிந்துவைத்திருக்கலாம்.

முதலில் நிலவரம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். நாட்டின் சராசரியைவிடக் குறைவு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டில் ஒரு பெண் என்பது எனக்கு ஆறுதலான கணக்காகத் தெரியவில்லை. மாத்திரையும் சத்துணவும் ஊர் ஊராகப் போய்ச் சேரும் மாநிலம் இது.

வயிற்றுக்குள் போகும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சின்னப் பங்குதான். இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் ஹீம் என்ற வடிவில் இருக்கும் இரும்பில் கால் பங்கு வரைகூட, சில சமயம் அதற்கு மேலும், உள்ளே போய்விடும். அரிசி, பருப்பு, கீரையில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் வேறு வகை. அதில் சேரும் பங்கு, கூட என்ன சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு இரண்டாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். ஒரே இரும்பு, பத்து மடங்கு வித்தியாசம். இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் பரிந்துரைத்ததற்குக் காரணமும் இதுதான். உடம்புக்கு உண்மையில் வேண்டியது ஓரிரண்டு மில்லிகிராம். மீதி சேராமல் போய்விடும் என்று தெரிந்துதான் அவ்வளவு கேட்கிறார்கள்.

சேராமல் போவது எப்படி என்பதை வகுப்பில் ஒரு சோதனையாகச் செய்து காட்டுவேன். ஓர் இரும்பு மாத்திரையின் மேல்பூச்சைக் கழுவிவிட்டு, பொடித்து வெந்நீரில் கரைத்து வடிகட்டுவேன். இன்னொரு கண்ணாடி டம்ளரில் பால் விடாத டீ. இரும்புத் தண்ணீரை டீயில் ஊற்றினால், செம்பழுப்பாக இருந்தது மெல்ல மெல்லக் கறுத்து மை மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அந்தக் கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான். கடுக்காய் நீரில் தோய்த்த துணியின் மேல், துருவும் வெல்லமும் ஊறிய இரும்புத் தண்ணீர் பட்டதும் கறுத்துப்போகும், அப்புறம் துவைத்தாலும் போகாது. வயிற்றிலும் அப்படிப் பிடிபட்ட இரும்பு, குடல் சுவரைத் தாண்டாமல் மலத்தோடு வெளியே போய்விடுகிறது.

சோதனை அதோடு முடியாது. கறுத்த டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கறுப்பு கொஞ்சம் வெளிறும். புளிப்பு இரும்பை டீயின் பிடியிலிருந்து ஓரளவு விடுவிக்கிறது. அந்த இடத்தில் "அப்போ லெமன் டீயோட மாத்திரை போடலாமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. வேண்டாம், டீயை ஒரு மணி நேரம் தள்ளி வை, எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து குடி என்று சொன்னேன். 2023-ல் ஜூரிக் ஆய்வாளர்கள், இரும்பு குறைந்த பெண்களிடம் 100 மில்லிகிராம் மாத்திரையை வைத்து இதை அளந்திருக்கிறார்கள். காபியோடு விழுங்கியபோது சேர்மானம் 54 சதவீதம் குறைந்தது. காபியும் ஆரஞ்சுச் சாறும் உள்ள காலைச் சாப்பாட்டோடு விழுங்கியபோது 66 சதவீதம் குறைந்தது. பழச்சாறு இருந்தும் காப்பாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் காலையில் காபியோடுதான் எல்லா மாத்திரையும் உள்ளே போகும். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வரிசையில் இரும்பு மாத்திரையையும் சேர்த்துவிடுகிறார்கள். மற்றவை எப்படியோ, இதை மட்டுமாவது வரிசையிலிருந்து பிரித்தாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது வைட்டமின் சி. இதைப் பற்றிய ஆய்வுகளில் என் மனசுக்கு நெருக்கமான ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் இறங்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதில் போனவர்களையும், பின்னால் வந்த கப்பல்களில் போனவர்களையும் நாம் அறிவோம். அந்த வம்சாவளிப் பெண்களிடம் நூறு வருஷத்துக்குப் பிறகும் இரும்புக் குறை இருந்தது. சோறும் குழம்புமாகச் சாப்பிடுகிறவர்கள், நம்மைப் போலவே. ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தை பெற்ற 234 இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு அரிசிச் சாப்பாட்டோடு வேறு வேறு பழங்களைக் கொடுத்து, எவ்வளவு இரும்பு ரத்தத்தில் சேர்கிறது என்று கதிரியக்க இரும்பை வைத்துப் பார்த்தார்கள். 1987-ல் முடிவு வெளியானது. ஆப்பிளும் திராட்சையும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கொய்யாவும் பப்பாளியும் பல மடங்கு ஏற்றிவிட்டன. சோறு அதே சோறு, பழம் மட்டும்தான் மாறியது.

மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள்தான் வாங்கிப் போகிறோம். ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பள்ளி வாசலில் கூறு கட்டி விற்கும் கொய்யா எத்தனையோ மேல். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காயிலும் அந்த அளவுக்கு உண்டு. ஒன்று மட்டும்: வைட்டமின் சி சூட்டில் கெட்டுவிடும். எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகுதான் பழம் பிழிய வேண்டும். நம் பாட்டிகள் கசந்துவிடும் என்று அப்படிச் செய்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் செய்தது சரி.

அதே ஆய்வாளர்கள் அடுத்துச் செய்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. அந்தச் சமூகத்தின் சாப்பாட்டிலேயே இரும்பைச் சேர்த்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். நாடு முழுவதும் சாப்பிடும் மாவில் கலக்க முடியாது. அங்கே கறுப்பின ஆண்கள் பலருக்கு, இரும்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பீரால் ஈரலில் இரும்பு மிதமிஞ்சிச் சேர்ந்திருந்தது. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சாகிவிடும். இந்தியக் குடும்பங்கள் மட்டும் தினமும் தவறாமல் சாப்பிடுவது எது? மசாலாப் பொடி. அதில் கலந்தார்கள்.

எந்த இரும்பைக் கலந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண ஃபெர்ரஸ் சல்பேட் நன்றாகக் கரையும். ஆனால் மசாலாவின் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். பருப்பிலும் தானியத்திலும் இருக்கும் ஃபைட்டேட் அதைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சோடியம் இரும்பு ஈடிடிஏ என்ற சேர்மத்தை எடுத்தார்கள். ஈடிடிஏ மூலக்கூறு இரும்பை எல்லாப் பக்கமும் சூழ்ந்து இறுகப் பற்றிக்கொள்கிறது. ஃபைட்டேட்டால் அதைப் பறிக்க முடியாது. குடலின் உறிஞ்சும் இடம் வந்ததும் இரும்பை விட்டுவிடுகிறது. மஞ்சளும் மிளகாயும் கலந்த பொடியில் அதன் நிறமும் தெரியாது. 264 குடும்பங்கள், இரண்டு வருஷம். யாருக்கு இரும்பு மசாலா, யாருக்குச் சாதா மசாலா என்று வாங்கியவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரும்பு மசாலா சாப்பிட்ட பெண்களிடம் இரும்புக் குறையால் வரும் ரத்தசோகை 22 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக இறங்கியிருந்தது. 1989-ல் இது வெளியானது. பிறகு வியட்நாமில் மீன் சாறிலும் சீனாவில் சோயா சாறிலும் இதே சேர்மத்தைக் கலந்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள்.

மாத்திரை இல்லை, முகாம் இல்லை, யாரும் யாரையும் விழுங்கச் சொல்லி மிரட்டவில்லை. குழம்பு வைத்தார்கள், சாப்பிட்டார்கள். ஊரை விட்டு எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளிப் போய், நம் குழம்பை நம் மாதிரியே வைத்துச் சாப்பிட்ட பெண்களின் உடம்பில் நிரூபித்த உண்மை இது. நம் ஊரில் இதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, நம் ரேஷன் அரிசிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020-ல் திருச்சி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் செறிவூட்டப்பட்ட அரிசி வந்துவிட்டது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவத்திலேயே மணிகளாக வெட்டி எடுக்கிறார்கள். நூறு மணி சாதாரண அரிசிக்கு இந்த மணி ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். களையும்போது இதில் சில மேலே மிதக்கும். மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மங்கலாக, வழுவழுப்பாகத் தெரியும். உடனே "பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டாங்க" என்று வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. என் மாணவி ஒருத்தியின் அம்மா ஒரு கிண்ணத்தில் அந்த மணிகளைப் பொறுக்கி எடுத்துவந்து, "இதைப் போய்ப் பிள்ளைக்குக் கொடுப்பாங்களா டீச்சர்?" என்று மேசையில் வைத்தார். பொறுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! ஒரு மணியை நீரில் ஊற வைத்து விரலால் நசுக்கிக் காட்டினேன். மாவாகக் கரைந்தது. அவர் முகம் தெளிந்தது, ஆனால் அதுவரை பொறுக்கிக் குப்பையில் போட்டதெல்லாம் இரும்பு. அரிசி போடும்போதே கடையில் ஒரு பிடி எடுத்துக் காட்டி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பொறுக்காமல் சமைத்தால் மட்டும் சேர்ந்துவிடுமா? இங்கேதான் வடிவம் திரும்பவும் குறுக்கே வருகிறது. அரசு அரிசியில் போடுவது ஃபெரிக் பைரோபாஸ்பேட். வெள்ளை நிறம், சோற்றின் நிறமும் ருசியும் மாறாது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது தண்ணீரில் கரையாது. வயிற்று அமிலத்திலும் மெதுவாகத்தான் கரையும். கரையாத இரும்பு சேராது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியையே பாருங்கள்: பைரோபாஸ்பேட்டாகப் போட்டால் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஈடிடிஏ வடிவில் போட்டால் 14 முதல் 21.25 போதும். சரியாகப் பாதி. எது எவ்வளவு சேரும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் நாளைக்கு 300 கிராம் ரேஷன் அரிசி சாப்பிட்டால் அதிலிருந்து 8.4 முதல் 12.75 மில்லிகிராம் இரும்பு போகிறது. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தாலும் அரை மில்லிகிராம் பக்கம்தான் வரும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தினமும், காசு இல்லாமல், கஷ்டம் இல்லாமல் கிடைக்கும் அரை மில்லிகிராம். ஆனால் அதே இரும்பு இரண்டு மடங்கு சேர வழி இருக்கிறது. ஜூரிக் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், மணி தயாரிக்கும்போதே பைரோபாஸ்பேட்டோடு சிட்ரிக் அமிலமும் ட்ரைசோடியம் சிட்ரேட்டும் சேர்த்துப் பிசைந்தால், வேகும்போது கரையும் சேர்மமாக மாறி இரும்புச் சேர்மானம் இரட்டிப்பாகிறது என்று 2016-ல் காட்டினார்கள். இரண்டும் சோடாவிலும் ஜாமிலும் போடும் சாதாரணப் பொருட்கள். அரிசி மணிக்கு டெண்டர் விடும்போது "சிட்ரேட் சேர்த்தது" என்று ஒரு நிபந்தனை போட்டால், இன்னும் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கூடுதலாக வாங்காமல் பலனைப் பெருக்கலாம். எத்தனை டன் விநியோகித்தோம் என்று அறிக்கை விடுகிறவர்கள், எவ்வளவு சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

நம் கையில் இருப்பது அந்தச் சோற்றுக்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறோம் என்பது. சோற்றுக்குப் பிறகு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளுவது. தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மீன் கிடைத்தால் அதில் இருக்கும் இரும்பு மட்டுமில்லை, கூட இருக்கும் சோற்றின் இரும்பும் கூடுதலாகச் சேரும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட் குறையும், மாவைப் புளிக்க வைத்தாலும் குறையும். முருங்கைக்கீரையை ரத்தத்துக்கு மருந்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். ஆனால் எட்டரை ஹெச்.பி. உள்ள பெண்ணுக்குக் கீரையை மட்டும் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரையில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் இரும்பின் வாயிற்காவலர். குடல் செல்லுக்குள் வந்த இரும்பு ரத்தத்துக்குள் இறங்கும் வாசலை அது மூடிவிடும். 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு மாத்திரை போட்டால் ஹெப்சிடின் ஏறி, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கும். மறுநாள் மாத்திரை போனால் வாசல் பாதி மூடியிருக்கும். 2017-ல் வெளியான ஜூரிக் ஆய்வு ஒன்றில், இரும்புக் கையிருப்பு குறைந்த பெண்களுக்கு 60 மில்லிகிராம் மாத்திரை 14 கொடுத்தார்கள். தினமும் போட்டவர்களுக்குச் சேர்ந்தது 131 மில்லிகிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு 175. அதே 14 மாத்திரைதான்.

குமட்டல், மலச்சிக்கல், வயிற்று வலி என்று மாத்திரையை ஒதுக்குகிறவர்களுக்கு இது பெரிய சேதி. சேராமல் குடலில் தங்கும் இரும்பு அந்தத் தொந்தரவுக்கு ஒரு முக்கியக் காரணம். மலம் கறுப்பாகப் போவதும் அதனால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகள் தாங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு நாள் குறைவு, தேவை அதிகம்.

காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போதும் ஹெப்சிடின் ஏறிவிடும். கிருமி இரும்பைத் தின்று வளராமல் இருக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. எங்கள் பள்ளியில் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அந்த வாரம் மாத்திரையைத் தள்ளிவைக்கிறோம். கொக்கிப்புழு இருந்தால் குடலிலேயே ரத்தம் கசியும், எவ்வளவு இரும்பு போட்டாலும் ஓட்டைப் பானைதான். பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் கொடுக்கும் நாளில் லீவு போட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அதனால்தான்.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே கவரில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் இரும்பைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி எலுமிச்சைத் தண்ணீரோடும் போடலாம். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் போடாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். பள்ளியில் நாங்கள் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான்.

தலசீமியாவோ அரிவாள் செல் நோயோ, அதாவது பரம்பரையாக வரும் ரத்த நோய்கள், வீட்டில் யாருக்காவது இருந்தால் மாத்திரையும் செறிவூட்டிய உணவும் மருத்துவர் சொன்னபடிதான். மாத்திரை அட்டையைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தைத் தின்றால்கூட ஆபத்து.

கடைசியாக, ஹெச்.பி. பன்னிரண்டைத் தொட்டதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் சரியானாலும் ஈரலில் இரும்புக் கையிருப்பு அப்போதும் காலியாகவே இருக்கும், சீக்கிரமே பழைய இடத்துக்கே வந்துவிடலாம். இன்னும் மூன்று மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். ஃபெர்ரிட்டின் பரிசோதனை செய்து பார்த்தால் கையிருப்பு நிறைந்ததா என்று தெரிந்துவிடும். மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.